கடற்படையின் எரிபொருள் கணக்கும் மன்னார்க் கரையின் கணக்கும்

2024 ஜனவரித் தொடக்கத்தில், அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க செங்கடலுக்கு இலங்கைக் கடற்படைக் கப்பல் ஒன்றை அனுப்பப் போவதாக அறிவித்தார். யேமனின் ஹௌதி அமைப்பினர் வணிகக் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கப்பலை அங்கே இரண்டு வாரம் நிறுத்தி வைக்க 250 மில்லியன் ரூபா செலவாகும் என்பதையும் அவரே சொன்னார். கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. இந்தச் செலவு இப்போது தேவைதானா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. சில நாட்களில் அந்த விவாதம் அடங்கிப்போனது.

அந்தத் தொகை முழுவதும் எரிபொருளுக்கானதல்ல. ஆனால் போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்தை விட்டு நகர்ந்த கணத்திலிருந்து எரிவது எண்ணெய்தான். அந்த எண்ணெயைக் குறைக்க முடியுமா, குறைத்தால் கடற்படையின் போர்வலு குறையுமா என்ற கேள்வியைப் பணக்கார நாடுகளின் கடற்படைகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. நம்மிடையே அந்தக் கேள்வி எழுவதில்லை. கடற்படையின் கணக்கு நமக்கு எதற்கு என்று இருந்துவிடுகிறோம். மன்னார்க் கரையில் இருந்து பார்த்தால், அது நம்முடைய கணக்கும்தான் என்பது என் எண்ணம்.

வேகம் தின்னும் எண்ணெய்

முதலில் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். தண்ணீரைக் கிழித்துச் செல்லும் பெரிய கப்பலுக்குத் தேவைப்படும் இயந்திர வலு, அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிக் கூடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் வலு எட்டு மடங்கு வேண்டும். 15 நொட் வேகத்தில் செல்லும் கப்பல் 12 நொட்டுக்கு இறங்கினால், தேவையான வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். 60 கடல் மைல் தூரத்தை நான்கு மணித்தியாலத்துக்குப் பதிலாக ஐந்து மணித்தியாலத்தில் கடக்க வேண்டியிருக்கும். ஆனால் கப்பலை ஓட்டுவதற்கான எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். அதற்காக மிகவும் மெதுவாகப் போவதும் பயனில்லை. ராடர், விளக்கு, குளிரூட்டி எல்லாவற்றுக்குமான மின்பிறப்பாக்கி, கப்பல் நகர்ந்தாலும் நின்றாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படிந்த கப்பல், அதே வேகத்துக்கு அதிக எண்ணெய் குடிக்கும். இதை எந்தப் பொறியியலாளரும் வந்து வங்காலையிலோ பேசாலையிலோ சொல்லித்தர வேண்டியதில்லை. படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துச் சுரண்டுகிற கடற்றொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த விடயம் இது. சேமிப்பு என்ற பெயரில் கப்பலைத் துறைமுகத்தில் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அடிப்பகுதியில் பாசி ஏறும், இயந்திரம் கெடும், ஓட்டுபவரின் கைப்பழக்கமும் போய்விடும்.

போர்வலுவைக் குறைக்காமல் எண்ணெயைக் குறைக்க முடியும் என்பதற்கான அடிப்படை இதுதான்: கப்பலின் போர்வலு, தேவை வந்தால் அது எதைச் செய்யக்கூடும் என்பதில் இருக்கிறது. எண்ணெய்ச் செலவோ, அது அன்றாடம் எதைச் செய்கிறது என்பதில் இருக்கிறது. போர்க்கப்பல் தன் ஆயுளின் பெரும்பகுதி மணித்தியாலங்களை மெதுவான வேகத்திலேயே கழிக்கிறது. ஆனால் அதன் இயந்திரங்கள் உச்ச வேகத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இந்த இடைவெளியில்தான் எண்ணெய் வீணாகிறது. சேமிக்க இடமிருப்பதும் அங்கேதான்.

அமெரிக்கா செய்து பார்த்தவை

அமெரிக்கக் கடற்படையின் அனுபவம் இதில் பயனுள்ளது. 2009இல் சேவையில் சேர்ந்த மேக்கின் ஐலண்ட் என்ற கப்பலில், மெதுவான வேகத்துக்கு மின்மோட்டாரும் உச்ச வேகத்துக்கு எரிவாயுச் சுழலியும் பொருத்தினார்கள். தென்னமெரிக்காவைச் சுற்றிச் சென்ற முதல் பயணத்திலேயே இரண்டு மில்லியன் டொலருக்கு மேல் எரிபொருள் மிச்சமானதாக அறிவித்தார்கள்.

அதே ஏற்பாட்டை 34 நாசகாரிக் கப்பல்களில் பொருத்தும் திட்டமும் இருந்தது. ட்ரக்ஸ்டன் என்ற ஒரு கப்பலில் பொருத்திப் பார்த்ததோடு 2018இல் அது கைவிடப்பட்டது. மின்மோட்டாரால் கப்பலைக் குறைந்த வேகத்தில் மட்டுமே ஓட்ட முடிந்தது. ராடருக்கும் ஆயுதங்களுக்கும் வேண்டிய மின்சாரத்தில் அது பங்குக்கு வந்தது. சேமிப்பு போர்வலுவைத் தொட்ட இடத்தில் கடற்படை பின்வாங்கிக்கொண்டது.

இன்னொரு முயற்சி 'பெரும் பச்சைக் கடற்படை'. 2012இல் சோதனைக்காக வாங்கிய தாவர, கழிவு எண்ணெய்க் கலவை ஒரு கலன் 26 டொலர் வரை போனது. 2016இல் மாட்டுக் கொழுப்பில் இருந்து எடுத்த எண்ணெயை 10 சதவீதம் கலந்து, கலன் 2.05 டொலருக்குக் கொண்டுவந்தார்கள். விலை இறங்கியது. ஆனால் எரியும் அளவு இறங்கவில்லை. எண்ணெயின் பெயர் மட்டுமே மாறியது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது ஒன்று. இயந்திரத்தை மாற்றலாம், எண்ணெயை மாற்றலாம். ஆனால் கப்பலுக்கு எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்ற கேள்வியைத் தொடாத வரை கிடைப்பது சிறு சேமிப்புத்தான்.

தானமாக வந்த யானைகள்

இலங்கைக் கடற்படைக்குப் புதிய இயந்திரம் வாங்கப் பணமில்லை. அதன் பெரிய கப்பல்கள் பல பிறர் கொடுத்தவை. கஜபாகு என்று பெயர் மாற்றப்பட்டு 2019இல் சேர்க்கப்பட்ட கப்பல், 1968இல் அமெரிக்கக் கரையோரக் காவல் படையில் சேர்ந்தது. அதன் உடன்பிறப்பான விஜயபாகு 2022இல் வந்து சேர்ந்தது. பராக்கிரமபாகு 2019இல் சீனா கொடுத்தது. அகதிப் படகுகளைத் தடுக்க வேண்டும் என்பதற்காக அவுஸ்திரேலியாவும் இரண்டு ரோந்துக் கலங்களைத் தந்தது.

கஜபாகுவில் இரண்டு வகை இயந்திரங்கள் உள்ளன. மெதுவான பயணத்துக்கு 3,500 குதிரைவலு கொண்ட இரண்டு டீசல் இயந்திரங்கள். விரைந்து செல்ல 18,000 குதிரைவலு கொண்ட இரண்டு எரிவாயுச் சுழலிகள். டீசலில் ஓடினால் சிக்கனமாக வெகுதூரம் போகும். சுழலியைத் தொட்டால் எண்ணெய் ஆறாக ஓடும். கப்பலைத் தருகிற நாடு எண்ணெயைத் தருவதில்லை. யானையைத் தானம் கொடுப்பவர் தீனிக்கும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

எண்ணெயே போர்வலு என்பதை இந்தக் கடற்படை நன்றாக அறியும். 2006, 2007 ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் விநியோகக் கப்பல்களை ஆழ்கடலில் தேடி அழித்தபோது, அதன் ரோந்துக் கப்பல்கள் ஆயிரம் கடல் மைல்களையும் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. அவற்றுக்கு எண்ணெய் கொண்டுபோகப் பழைய தாங்கிக் கப்பல்களையும் வணிகக் கப்பல்களையும் பயன்படுத்தியதாக அப்போதைய தளபதி வசந்த கரன்னாகொட பின்னர் சொன்னார். அந்த நடவடிக்கையை முடித்து வைத்ததில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ, எண்ணெய்த் தாங்கிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அதற்கு முன்பே பிரித்தானியர் இதை அறிந்திருந்தார்கள். திருகோணமலையில் இன்று நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளும் அவர்களின் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அந்தத் தாங்கிகளை யார் வைத்திருப்பது என்பதில் இன்றுவரை நாடுகள் போட்டி போடுகின்றன.

லீற்றர் கணக்கு நமக்குப் புதிதல்ல

என்னுடைய ஊர் உயிலங்குளம். வயலும் குளமுமான ஊர், கடல் கண்ணில் படாது. ஆனால் எரிபொருள் எப்படிப் போர்க்கருவியாகிறது என்பதை இந்த ஊரைப்போல் அறிந்த ஊர்கள் அதிகமில்லை. போர்நிறுத்தக் காலத்தில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையிலான சோதனைச் சாவடிகளில் ஒன்று இங்கேதான் இருந்தது.

2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னிணைப்பை இன்று எடுத்துப் படித்தால் வியப்பாக இருக்கும். புலிகளின் பகுதியில் உள்ள வாகனங்களை அரசாங்க அதிபர் பதிவு செய்து, வாரம் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்கிட வேண்டும் என்று அதில் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 7 லீற்றர். நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு 310 லீற்றர். மீன்பிடிக் கலத்துக்கு 400 லீற்றர். இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஆவணத்தில், எங்கள் சீவியம் லீற்றராக எழுதப்பட்டிருந்தது.

அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக்காலத்தை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். நாலு சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகையை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். போர்வலுவைக் குறைக்க எரிபொருளை நிறுத்தினார்கள். முதலில் குறைந்தது மக்களின் வெளிச்சம்.

2022இல் நாடு முழுவதற்கும் அந்த வரிசை வந்தது. கியூஆர் அட்டை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். போர்நிறுத்த காலத்து 7 லீற்றரைவிடக் குறைவு. அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களை நம்பிய கரை முழுவதும் படகுகளை ஏற்றி வைத்தது. எங்கள் ஒவ்வொரு லீற்றரையும் எண்ணத் தெரிந்த அரசு, தன்னுடைய லீற்றர்களை எண்ணி நமக்குச் சொன்னதில்லை.

ஒரே கடலில் மூன்று எண்ணெய்கள்

இனி தலைமன்னாருக்கு அப்பால் உள்ள கடலைப் பார்ப்போம். தனுஷ்கோடி அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தூரம். ஆழம் குறைந்த கடல். மணல் திட்டுகள் நிறைந்தது. கஜபாகு போன்ற கப்பலுக்கு இங்கே வேலையில்லை. இங்கே ஓடுபவை டோறாக்களும் சிறிய விரைவுப் படகுகளும்தான்.

இந்தக் கடலில் ஓர் இரவில் மூன்று விதமான எண்ணெய்கள் எரிகின்றன. முதலாவது, எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளின் டீசல். விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லீற்றர் வரிவிலக்கு டீசலைத் தமிழ்நாடு அரசு பல ஆண்டுகளாக வழங்கி வந்தது. மடியை அடித்தளத்தோடு இழுக்கும் தொழில், கடற்றொழில்களிலேயே அதிகம் எண்ணெய் குடிப்பவற்றில் ஒன்று. மானியம் இல்லாமல் அது இந்த அளவில் தாக்குப்பிடிப்பது கடினம். இரண்டாவது, அவர்களைத் துரத்தும் கடற்படையின் எண்ணெய். அது நம் எல்லோருடைய வரிப்பணம். மூன்றாவது, வலையை இழந்துவிடுவோமோ என்ற பயத்தோடு போகிற நம்முடைய கடற்றொழிலாளரின் மண்ணெண்ணெய். 

இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப் பணம் 2018இல் உயர்த்தப்பட்டது. 2024இல் மட்டும் 500க்கு மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். அந்த ஆண்டு ஜூனில் படகு ஒன்றைப் பிடிக்க முயன்றபோது கடற்படைச் சிப்பாய் ஒருவர் இறந்தார். ஓகஸ்டில் கடற்படைக் கலத்தோடு மோதிய படகில் இருந்த இராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். இவ்வளவுக்குப் பிறகும் படகுகள் வருவது நிற்கவில்லை.

இங்கே எரிபொருள் சேமிப்பு என்பதன் பொருள் மாறுகிறது. இழுவைப் படகுகள் எந்த இரவில் வரும் என்பது இரகசியமில்லை. பாக்கு நீரிணையில் வாரத்தில் மூன்று நாட்களே அவை தொழிலுக்கு இறங்கும். ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து 61 நாட்கள் தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம். நாளும் பாதையும் தெரிந்த ஒன்றைத் தளத்தில் இருந்து முழு வேகத்தில் துரத்திப் பிடிப்பதைவிட, முன்கூட்டியே எல்லைக் கோட்டுக்கு அருகில் போய் நிற்பது மிகவும் மலிவானது. துரத்தல் குறைந்தால் மோதலும் குறையும். இரு பக்கத்து உயிர்களும் மிஞ்சும். இதனால் கடற்படையின் வலு எந்த விதத்திலும் குறையாது.

இதைவிடப் பெரிய சேமிப்பு மேசையில் இருக்கிறது. 2016 நவம்பரில் புதுடெல்லியில் இரு நாட்டு அமைச்சர்கள் கூடி, கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைக்க உடன்பட்டார்கள். 2017இல் இந்தியா 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டுகளில் ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சிறு பகுதியே நிறைவேறியது. அப்படி மாறுகிற ஒவ்வொரு படகும் மூன்று எண்ணெய்களையும் ஒரே நேரத்தில் சேமிக்கும். உலகில் எந்தக் கடற்படைப் பொறியியலாளராலும் அப்படியொரு இயந்திரத்தைச் செய்ய முடியாது.

கடலில் கூடி, கரையில் குறைய வேண்டும்

கடற்றொழிலாளரிடம் கடற்படையைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். இழுவைப் படகுகள் வரும் இரவில் கடற்படை கடலில் நிற்க வேண்டும் என்பார்கள். அதே மூச்சில், தங்கள் காணியிலிருந்து கடற்படை போக வேண்டும் என்பார்கள். கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியலாம். உண்மையில் இரண்டும் ஒரே கோரிக்கை. கடற்படையின் இடம் கடல்.

முள்ளிக்குளம் மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் ஊரில் வடமேற்குக் கடற்படைக் கட்டளையகம் எழுந்தது. 2017இல் நடந்த தொடர் போராட்டத்தின் பின் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. மக்களின் வீடுகள் இருந்த இடத்தின் பெரும்பகுதி குறித்த பிரச்சினை தீரவில்லை. சிலாவத்துறை மக்களும் தங்கள் காணியைக் கேட்டு நிற்கிறார்கள்.

2024 ஜூனில் இந்தியாவின் ஆறு மில்லியன் டொலர் உதவியில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் கொழும்பில் தொடங்கி வைக்கப்பட்டது. அதோடு இணைந்த ஆளில்லா நிலையங்கள் கரையோரத்தில் பல இடங்களில் அமைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று முள்ளிக்குளத்தில் இருக்கிறது. ஆளில்லாத கருவி ஒன்று கடலைக் கேட்டுக்கொண்டிருக்க முடியும் என்றால், அதே ஊரில் இத்தனை காணி எதற்கு என்ற கேள்வி தானாகவே வருகிறது.

தரையில் இருக்கும் முகாமும் எண்ணெய் எரிக்கிறது. வாகனங்கள், மின்பிறப்பாக்கிகள், சமையல், காவல். காரைநகருக்கு அருகில் கடற்கோட்டையில் கடற்படை நடத்தும் உல்லாச விடுதிக்கும் எண்ணெய் வேண்டும். இவற்றில் எதைக் குறைத்தாலும் போர்வலு ஒரு துளியும் குறையாது. இராணுவத்தின் ஆளணியை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. கடற்படையிலும் முதலில் வெட்ட வேண்டியது கரைச் செலவைத்தான்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. சிக்கனமான கடற்படை என்றால் அதிக நேரம் நிற்கக்கூடிய கடற்படை. மிச்சமாகும் எண்ணெய் இழுவைப் படகுகளை மறிக்கப் போகலாம். நம் கரைகளில் மேலும் ஒரு சோதனை, மேலும் ஒரு பதிவு என்றும் போகலாம். இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கடலில் நிற்கும் நேரத்துக்கும் பாஸ் வாங்கிய தலைமுறைக்கு இந்தப் பயம் நியாயமானது. எனவே சேமிப்பைக் கேட்கும்போதே, சேமித்தது எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

கேட்பது கடினமல்ல. கப்பல் எந்த இரவில் எங்கே நின்றது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு எத்தனை லீற்றர் கடலில் எரிந்தது, எத்தனை லீற்றர் தரையில் எரிந்தது என்ற இரண்டு எண்கள் போதும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்புக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் ஆண்டு முடிந்த பின் சொல்லப்படும் இரண்டு மொத்த எண்களால் எந்தப் பாதுகாப்பும் குலையாது. வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீட்டுக்குக் கை உயர்த்துவதா இல்லையா என்பதோடு நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் நின்றுவிடுகிறார்கள். வன்னி மாவட்ட உறுப்பினர்களாவது அந்த இரண்டு எண்களைக் கேட்கலாம். கடற்றொழிலாளர் சங்கங்கள் மூன்றாவது எண்ணைத் தாங்களே எழுதி வைக்கலாம்: அந்த ஆண்டில் இழுவைப் படகு வராத இரவுகள் எத்தனை?

மூன்று எண்களும் ஒரே தாளில் வந்தால், கடற்படை தன் எண்ணெயைச் சேமித்ததா, செலவழித்ததா, வீணாக்கினதா என்பது எல்லோருக்கும் விளங்கும். 2002இல் எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு 7 லீற்றர் என்று எழுதத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலையல்ல.